சுவரிலிருந்து கழற்றிய டெலிபோன்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்த டெலிபோனை நினைத்தால் அதன் இரைச்சல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆபீசுக்கும் தேயிலை உருட்டும் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் பெட்டியை மாட்டியிருந்தார்கள். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால், குழலைக் காதில் வைத்தவருக்கு வெள்ளம் வருவதுபோல ஒரே உறுமல். நான் அப்போது அங்கே கிளாக்கர்.

தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் என் பக்கத்து வீட்டில் இருந்தார். அவருடைய ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மழையில் பாதை சரிந்து கிடந்ததால் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளையைத் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள சரிவில் புதைத்தார்கள். காரியம் முடிந்ததும் அவர் மனைவி பண்டாரவளையிலிருந்த தாய்வீட்டுக்குப் போனார். அங்கே பக்கத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில் டெலிபோன் இருந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த அம்மா அங்கிருந்து கூப்பிடுவார். பேசிக்கொள்ளத் தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்திருந்தார். டீமேக்கர் தொண்டை கிழியக் கத்துவார். பிறகு குழலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"வரேங்கிறா, கிளாக்கரய்யா. என்னைக்குன்னுதான் சரியா கேக்கல."

அந்த நம்பிக்கையில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். அடுப்பைப் புதிதாகப் போட்டார். எந்த நாள் என்பதை மட்டும் எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று டெலிபோனைச் சரிபண்ணத் தொடங்கினார். கம்பியில் உரசிய கிளைகளை வெட்டினார். பேட்டரியை மாற்றினார். பெட்டிக்குள் ஈரத்தைத் துடைத்தார். ஒன்றுக்கும் இரைச்சல் அடங்கவில்லை. இயந்திரம் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழலைக் காதில் வைத்துக்கொண்டு பெட்டியை நகத்தால் தட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

"தட்டுறது காதுல கேக்குதுங்க! கம்பி மேல தப்பே இல்ல. செவுரு அதிர்றதுதான் உள்ள போவுது."

பேசும் வாய்க்குள் இருக்கும் கரித்தூள் குரலுக்கு அதிர்வதுபோலவே சுவரின் நடுக்கத்துக்கும் அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றிக் கம்பளித் துண்டால் சுற்றி, இரண்டு தோல் வாரில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். அடுத்த சனிக்கிழமை இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. அவர் கத்தவில்லை. முதன்முதலாக மெதுவாகப் பேசினார்.

"இப்ப நல்லா கேக்குது. என்னைக்கு வர்ற?"

மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரலைன்னா சொல்ற? வரேன்னுதானே சொல்லிக்கிட்டிருந்த?"

குழலைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மொதல்லருந்தே வரலைன்னுதான் சொன்னியா? ... நான் அங்க வந்துட்டா, இங்க புள்ளைக்கு யாரு இருக்கா?"

குழலை மாட்டிவிட்டு உருட்டும் அறைக்குள் போனார். அதன்பிறகு அவர் அந்த டெலிபோனைத் தொடவே இல்லை. சனிக்கிழமை மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்.

"சாப்புடுறாரா?" என்று அந்த அம்மா கேட்பார்.

"சாப்புடுறாருங்க. கூப்புடவா?"

"வேணாங்க."

ஆனாலும் உடனே வைக்கமாட்டார். அந்தக் கடைத் தராசில் எடைக்கல் விழும் சத்தம்கூட எனக்குத் துல்லியமாகக் கேட்கும்.