கொட்டினால் அழாத வீடு

இடுக்கியம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். அவள் புருஷன் பழைய வீடுகளை இடிக்கிற மேஸ்திரி. இடித்த வீட்டில் தேறுகிற கதவு, ஜன்னல், நிலை, உத்தரம், ஓடு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வந்து வீட்டு முற்றத்தில் இறக்குவான். விற்பது அவள் பொறுப்பு. தலைமுறைக் கணக்காகச் சுவரோடு சுவராக நின்ற மரம் தனியாகவா வரும்? குடித்தனக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கதவிடுக்கில் தேள், ஓட்டுக்கு அடியில் பூரான், நிலையின் ஓட்டையில் குளவி, மழைக்காலத்தில் உத்தரக் கட்டுக்குக் கீழே சுருண்டு கிடக்கும் விரியன். "அதுங்க வீட்ட நாமதானே இடிச்சோம், வேற எங்க போகும்?" என்பாள், சிரிக்காமல்.

கையில் எப்போதும் ஒரு நீள இரும்பு இடுக்கி இருக்கும். பெயரே அதனால் வந்ததுதான். பேசிக்கொண்டே இருப்பாள், சுவரில் ஒன்று ஊர்ந்தால் வாலைப் பார்த்துக் கவ்வி, மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். கட்டில் கால்கள் நான்கும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நின்றன. உதறாமல் துணி உடுத்தக்கூடாது, தட்டாமல் செருப்பில் கால் விடக்கூடாது, பார்க்காமல் இடுக்கில் கை விடக்கூடாது. இதுவரைக்கும் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. கொட்டினால் அழக்கூடாது.

அதை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்டதில்லை. தொழில் தொடங்கின புதிதில், கதவு பார்க்க வந்தவர்கள் முன்னால் மேஸ்திரிக்கு ஒரு முறை கொட்டிவிட்டது. அவன் போட்ட கூச்சலில் வந்தவர்கள் தெருமுனை தாண்டித்தான் திரும்பிப் பார்த்தார்கள். தேளுள்ள மரத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்? அன்றிலிருந்து ஆள் நிற்கும்போது கொட்டினால், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பழகினது போகப்போக வீம்பாகிவிட்டது. ஆள் இல்லாதபோதும் யாரும் கத்துவதில்லை. விரல், குதிகால், ஒருமுறை கழுத்து என்று இடுக்கியம்மா வாங்காத இடமில்லை. வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பாள், துணியை இறுக்கிக் கட்டுவாள், அடுத்த கதவைப் புரட்டப் போய்விடுவாள்.

அவளிடம் ஒரு சித்தாந்தம் வேறு இருந்தது. "பெருசுக்குத்தான் பயப்படணும். கருப்பா, கையளவு வரும் பாரு, அது கொட்டினா ஆஸ்பத்திரி. செவப்பா சுண்டுவிரல் நீளத்துக்குத் திரியறதெல்லாம் எறும்புக்கு அண்ணன், அவ்வளவுதான்." உண்மை அதற்கு நேர்மாறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. சிவப்புத் தேள் அவளையே பல தடவை கொட்டியிருந்தது. அவள் குத்துக்கல்லாட்டம் நடமாடிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரே மகள். ஆறு வயது. வாலு என்றுதான் வீட்டில் கூப்பிட்டார்கள், பெயருக்கேற்ற சேட்டை. அப்பா அம்மா இருவர் கையிலும் தழும்பு இருக்க, தனக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

"எனக்கு எப்பம்மா கொட்டும்?"

"வரும்போது வரும்டி. அன்னிக்குப் பாக்கறேன் உன் வீரத்த."

"நான் அழவே மாட்டேன். அப்பாவாவது ஒரு தடவ கத்தினாரு."

இடுக்கியம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இப்படியும் ஒரு தாயா என்று கேட்கத் தோன்றும். தன் பிள்ளை தன்னைப் போல் இருக்க வேண்டும் என்று நினைக்காத தாய் எங்கே இருக்கிறாள்?

பள்ளி விடுமுறை நாள் அது. புருஷன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். வீடு கட்டிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும் கதவு பார்க்க வந்தார்கள். வாலுவும் வியாபாரி மாதிரி முன்னால் நடந்து, சாத்தி வைத்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஒரு ஜன்னலின் பின்னால் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, கொட்டிடுச்சு."

முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டை விரலை மறு கையால் பொத்தியபடி அம்மாவையே பார்த்தாள்.

"பெருசா, சின்னதா?"

"சின்னது. செவப்பு."

"அவ்வளவுதானே!" என்று இடுக்கியம்மா போய் வெங்காயம் எடுத்து வந்தாள்.

டிரைவர் மனைவி பதறிப்போனாள். "குழந்தைக்கா, டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். கதவுக்கு நாங்க நாளைக்குக்கூட வர்றோம்."

"எங்க வீட்ல இதெல்லாம் சகஜம்மா. பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா?"

"தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்" என்றார் டிரைவர். வாலு அந்த வெளுத்த முகத்தோடு சிரித்தாள். இடுக்கியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று கதவும் விற்றது.

அவர்கள் போனபின் வந்து பார்த்தால், கட்டிலில் பிள்ளை வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தாள். வெயில் என்று நினைத்து விசிறினாள். பிள்ளை வாந்தி எடுத்ததும், காலையில் தின்றது சேரவில்லை என்று நினைத்தாள். பாதத்தைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் விசிறியைக் கீழே போட்டாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"இல்லம்மா."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். பிழைத்தும் இருக்கும்.

மதியம் சாப்பிட வந்த மேஸ்திரி பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தான். "என்னடி இது, இப்படித் துடிக்குது?" என்றவன் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எதிரே வந்த வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தி, பின்னாலேயே ஓடி வந்த இடுக்கியம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாலுவின் மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டது.

சின்ன வயது டாக்டரம்மா. கை ஊசியைப் போட்டுக்கொண்டிருக்க வாய் கேட்டது. "எப்பக் கொட்டிச்சு?"

"காலைல" என்றாள் இடுக்கியம்மா.

"காலைலயா? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"சின்னத் தேள்தாங்க, அதான்..."

"அந்தச் சின்னதுதாம்மா ஆளக் கொல்றது. பெரியவங்க தாங்கிடலாம். விஷம் அதே அளவுதான், உடம்பு இத்துனூண்டு. குழந்த துடிச்சிருக்குமே, அழலயா?"

தேளை அதன் வாலிலேயே பிடிக்கத் தெரிந்தவள், தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் கதவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அங்கே இல்லாத ஒரு மருந்தை எழுதிக் கொடுத்து மேஸ்திரியை வெளியே ஓட்டினார்கள். இடுக்கியம்மா கட்டிலருகே மண்டி போட்டு, பிள்ளையின் காதில் சொன்னாள். "அழுடி, என் கண்ணு. இங்க யாரும் இல்ல. சத்தம் போட்டு அழு." வாலு கண்ணைத் திறந்தாள். மூச்சுக்கு வைத்திருந்த மூடியை விரலால் நகர்த்தினாள். உதட்டோரம் இளஞ்சிவப்பாக நுரை தட்டியிருந்தது.

"நான் அழவே இல்லல்லம்மா?"

உலகத்தில் எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் பாவம்தான். பிள்ளையின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபின் அவளால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

"ஆமாண்டி தங்கம். அழவே இல்ல."

"அப்பாகிட்டயும் சொல்லு."

மருந்தோடு மேஸ்திரி படியேறி ஓடி வந்தபோது இடுக்கியம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். அவனை உள்ளே விடாமல் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் அதைத்தான் சொன்னாள்.

"அவ அழவே இல்லங்க" என்றாள். அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள்.