விட்டுவிட்டுப் போன யோகராசா

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரி ஊரில் பாதிச் சுவர்களுக்கு நிறம் கொடுத்தவர் யோகராசா. கல்யாண மண்டபத்துக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்ததும் அவர்தான். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏணியில் ஏறினால் பாட்டு, இறங்கினால் டீ. ஐந்து வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். வந்தார் என்பதுகூடத் தப்பு, அவருடைய அம்மா தூக்கி வந்தார். கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வளர்ந்து, பெயிண்ட் வேலைக்கு இங்கே வந்து, விசைத்தறி ஓட்டும் அம்சவேணியைக் கட்டிக்கொண்டார். மாதம் ஒருமுறை முகாமில் தலை எண்ணுவார்கள். விடியக் கிளம்பிப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார்.

மகள் பவ்யா 2007இல் நகரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். திருப்பதியில் நர்சிங் படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கவுன்சிலிங் விண்ணப்பம் போட மூவரும் என் நெட் சென்டருக்கு வந்தார்கள். 'இந்தியக் குடியுரிமை உண்டா?' என்ற கட்டத்தில் என் விரல் நின்றுவிட்டது. 2004 கடைசிக்குப் பிறகு இங்கேயே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் விசா இல்லாமல் வந்தவரென்றால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. அம்மா நகரிக்காரி என்பது போதாது. இடுப்பில் தூக்கி வரப்பட்ட குழந்தையிடம் விசா கேட்கிற சட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நான் செத்துட்டேன்னு எழுதிடு தம்பி," என்றார் யோகராசா, சர்வ சாதாரணமாக.

"அதுக்கு டெத் சர்டிபிகேட் வேணும்ணே. உங்க ஆதாரைக் கேப்பாங்க."

"சாவறதுக்கும் ஆதாரா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் நான் பெரிய மூளைக்காரன் மாதிரி ஒரு யோசனை சொன்னேன். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அம்சவேணி அஃபிடவிட் கொடுத்துவிட்டால், அப்பா பற்றிய கேள்விகளைக் காலியாக விட்டுவிடலாம்.

அம்சவேணி பேனாவைத் தொடவே இல்லை. "இருபது வருசமா முகாமுக்குப் போயினு வந்துகினு கீறாரு. ஒரு தபாவாவது வூட்டுக்கு வராம இருந்துகிறாரா? நான் எப்படி எழுதுவேன்?"

"எழுது வேணி. புள்ள படிக்கணும். பேப்பர்லதானே போறேன்," என்று யோகராசா கெஞ்சினார். கையெழுத்துப் போட்டவள் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லையாம்.

சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் நானும் திருப்பதிக்குக் கூடப் போனேன். விட்டுவிட்டுப் போனவரை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே போனோம். அதிகாரி அஃபிடவிட்டைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்காரு?" என்று சும்மா கேட்டார்.

அம்சவேணி யோசிக்கவே இல்லை. "வெளிய டீ வாங்கினு வரப் போய்க்கிறாரு சார்."

சொல்லி வாய் மூடவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு யோகராசா வந்து நின்றார். கையில் ஐந்து டீ. அதிகாரிக்கும் சேர்த்து வாங்கியிருந்தார்.

"போனவர் இவர்தானா?" அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அஃபிடவிட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை நான் பாக்கலன்னு வெச்சுக்கறேன். ஆனா நிஜத்தை எழுதினா இந்த சீட்டு கிடைக்காதும்மா."

ஊர் திரும்பும் வழியில் ரேணிகுண்டா தாண்டும்வரை பவ்யா அழுதாள். "நான் உள்ள வந்திருக்கக் கூடாது," என்று யோகராசா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு என் மேல்தான் கோபம். இருக்கிற மனிதரை இல்லையென்று எழுதச் சொன்னவன் நான்தானே.

அடுத்த வாரம் பவ்யா மட்டும் கடைக்கு வந்தாள். புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். இந்த விண்ணப்பத்தில் குடியுரிமை பற்றிய கேள்வியே இல்லை. அப்பா பெயர் கேட்டிருந்த கட்டத்துக்கு வந்ததும் நான் டைப் அடிக்கப் போனேன்.

"இருங்கண்ணா, அதை மட்டும் நான் அடிக்கிறேன்," என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.