குளிக்க வேண்டாம் என்று சொன்னவன்

பழனிசாமியின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அவர் சுமக்கும் பழி என்னுடையது. போதுமா? இன்னும் கேட்க ஆசையா உங்களுக்கு? கேளுங்கள்.

நாமக்கல்லில் எங்கள் கோழிப்பண்ணைக்கு என்னைவிட வயது அதிகம். பெங்களூரில் ஒரு ஸ்டார்ட்அப்பில் மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்த எனக்கு அங்கே எதுவுமே பிடிக்கவில்லை. குஞ்சுக் கொட்டகை ஆட்கள் முட்டைக்கோழிகள் இருக்கும் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்களோடு கலந்தால் குளித்து, உடை மாற்றித்தான் குஞ்சுகளிடம் போக வேண்டும். மேனேஜர் பழனிசாமி வைத்த சட்டம் அது.

நான் சுவரெல்லாம் ஆங்கில வாசகங்கள் ஒட்டினேன். தினமும் காலையில் எல்லாக் கொட்டகை ஆட்களும் ஒரே வட்டமாக நின்று பேச வேண்டும் என்றேன். ஸ்டாண்ட்அப் மீட்டிங்காம்!

“பேசட்டுங்க தம்பி. குளிச்சுப்போட்டுக் குஞ்சுகிட்டப் போகோணும், அவ்வளவுதானுங்க” என்றார் பழனிசாமி.

மகள் கல்யாணத்துக்காக அவர் நான்கு நாள் லீவு போட்டார். அந்த நான்கு நாளும்... குளியல் வீண் வேலை, கை கழுவினால் போதும் என்று ஆட்களிடம் நானே சொன்னேன். நேரம் மிச்சமாம். படித்த திமிர்! அவர் திரும்பியதும் பழையபடி குளியல் தொடர்ந்தது. நடந்ததை அவரிடம் சொல்லக்கூடாது என்று ஆட்களை மிரட்டி வைத்தேன்.

அந்த வாரமே குஞ்சுகள் சாகத் தொடங்கின. கொட்டகையே காலியானது. பெரிய கோழிகளிடமிருந்து வந்த நோய் என்றார் டாக்டர்.

“எவன்டா குளிக்காம உள்ள போனது?” என்று கேட்டார் அப்பா.

வாயைத் திறந்தேனா? திறந்தேன்... “மேனேஜருதான் பாத்திருக்கோணும்” என்றேன். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார் அப்பா. அதன்பிறகு எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. இப்போது பரமத்தி வேலூரில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறார், இந்த வயதில்.

போன மாதம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

“ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறனுங்க தம்பி... கண்ணாலம் முடிஞ்சு வந்த அசதியில, நாந்தான் குளிக்காம உள்ள போயிட்டனோ? நெனப்பே வரமாட்டேங்குது.”

அழுதேன் என்று எழுத மாட்டேன். அழவில்லை. “உடுங்க, நடந்தது நடந்துபோச்சு” என்றேன். புரிகிறதா உங்களுக்கு? நான் அவரை மன்னித்தேன்!

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.