வலது கை முதலில்

சட்டை போட்டுவிடும்போது நோகும் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு நான் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தது அது. அங்கே நான் பார்த்துக்கொண்ட கிழவருக்கு நோவு வலது கையில். தோளுக்கு மேலே எழும்பாது.

ஒரு காலத்தில் அந்தக் கையால்தான் அவர் சம்பளத்துக்கு பேஸ்போல் எறிந்தார். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் விளையாட்டென்று மதிக்காத எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பார்க்க வருபவர்களுக்கோ அதைவிட்டால் வேறு கதை இல்லை. அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய பந்தோடு படம் எடுப்பார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். தன்னடக்கம் என்றாள் அவர் மகள். நானும் நம்பினேன்.

குளிப்பாட்டும்போது மட்டும் துண்டு துண்டாகச் சொல்வார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரை ஒரு அணி கூட்டிக்கொண்டு போனது. தோள் நொந்தபோது ஊசி போட்டு எறிய வைத்தார்கள். ஒரு கோடையில் தோள் ஒரேயடியாகப் போனது. உடனேயே அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் துறைமுகம், இம்முறை ஒற்றைக் கையோடு.

போன பனிக்காலம் சாப்பாடு நின்றது, தண்ணீரும் நின்றது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"உயிர் எதிலயோ கொளுவி நிக்குது தம்பி. காணி ஆசை எண்டால் எங்கட ஆக்கள் மண்ணைக் கரைச்சு வாயில விடுறேல்லையே? இவருக்கு அந்தப் பந்துதான். கையில குடும்."

பந்தை எடுத்து வலது கையில் வைத்தேன். விரல்கள் தையலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அக்கா கண்ணைத் துடைத்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

அடுத்த கணம் கிழவரின் உடம்பு முறுகியது. எழும்பாத தோள் எழும்பப் பார்த்தது. முகம் வேர்த்து, பிரெஞ்சில் கெஞ்சத் தொடங்கினார்.

"ஐயா, இனி ஏலாது. ஊசி வேண்டாம். என்னை விடுங்கோ."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பந்தை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்னேரம் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரின் கெட்டித்தனத்தின் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மகள் புதுச் சட்டையோடு ஓடிவந்தாள். பெட்டியில் இருந்த பந்தைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"கையில் வைத்துவிடுங்கள். அப்பா இதற்காகத்தான் வாழ்ந்தார்."

"வேண்டாம்," என்றேன். "அவர் போதும் என்று சொல்லிவிட்டார்."

என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு பந்தைக் கைப்பைக்குள் போட்டாள்.

சட்டையை விரித்தேன். இனி அவருக்கு நோகாது என்று தெரியும். என்றாலும் வலது கையைத்தான் முதலில் நுழைத்தேன், மெல்ல.