தண்ணி நண்டு மாமா

கல்யாணமான மூன்றாவது வாரம் பழவேற்காட்டு மாமியார் வீட்டுக்கு நான் நண்டு வாங்கிப் போனேன். ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பத்துக்கு நண்டு வாங்கிப் போவது, வாத்தியார் வீட்டுக்குச் சாக்பீஸ் கொண்டுபோவதைப் போன்றது என்று இப்போது புரிகிறது. பெரிய நண்டுகள், பளபளவென்று புது ஓடு. ஓடு புதிதாக இருந்தால் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும் என்பது அந்தக் குப்பத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. நிறையப் புத்தகம் வேறு படித்திருந்தேன்.

மனைவியின் தம்பி நண்டின் ஒரு காலை உடைத்துப் பார்த்துவிட்டு, தன் அப்பாவிடம் சொன்னான்: "நைனா, கொழம்புக்குத் தண்ணி ஊத்த வாணாம். மாமாவே கொண்டாந்துகீறாரு."

அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் தண்ணி நண்டு மாமா. காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு, எங்கே போனாலும் அந்தப் பெயர் எனக்கு முன்பே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த வருடம் கல்யாண நாளுக்கு, புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையோரம் திறந்திருக்கும் சீனக் கடலுணவு ஓட்டலுக்குப் போனோம். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களை நம்பி நடக்கிற ஓட்டல். தம்பியையும் அழைக்கச் சொன்னது மனைவி. நானும் ஆட்சேபிக்கவில்லை. குச்சியில் சாப்பிடத் தெரியாமல் அவன் திண்டாடுவதைப் பார்க்கும் அற்ப ஆசை எனக்கு இருந்தது. அதற்காகப் பத்து நாள் வேர்க்கடலையைக் குச்சியால் எடுத்துப் பழகியிருந்தேன். அவனோ உட்கார்ந்ததும் குச்சிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு இருக்கும் நண்டில் எது வேண்டுமோ அதை நாமே காட்ட வேண்டும். மச்சினன் முகம் மலர்ந்தது.

"ஆளுக்கு ஒண்ணு எடுப்போம் மாமா. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. தட்டுல வந்தா எதுல சதைன்னு தெரிஞ்சிடும்."

"டேய், இன்னிக்காவது அவர சும்மா வுடேன்டா" என்றாள் மனைவி. நான் ஜெயிப்பேன் என்ற நம்பிக்கை அவள் குரலிலும் இல்லை.

அவன் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் கைவிடப் போனான். டை கட்டிய ஓட்டல் கேப்டன் ஓடி வந்தார். "தண்ணில கை வைக்கக் கூடாது சார். காட்டுங்க, நாங்க எடுத்துத் தரோம்."

"தொட்டுப் பாக்காம எப்டிபா நண்டு எடுக்கறது?"

அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தி, கையில் எடை பார்த்து வாங்கியே பழகிய ஆள். கண்ணாடிக்கு வெளியே கைகளைத் தொங்கவிட்டு நின்றவனை முதல்முறையாகப் பார்க்கிறேன். நீல விளக்கில் எல்லா நண்டும் நகைக்கடை நகை மாதிரி மின்னின. கடைசியில், இருப்பதிலேயே பெரியதைக் காட்டினான்.

நானோ உயிர் நண்டைத் தொட்டதே இல்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் நான் வழக்கமாக நண்டு வாங்கும் மீன்கார அம்மாவிடம் கையை நீட்டினால், "வாங்கத் தெரியாதவன் தொடக் கூடாது, கண்ணால பாரு" என்று தட்டிவிடுவார். இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணால் மட்டுமே பார்த்துப் பார்த்து, வீட்டில் மனைவியிடம் திட்டு வாங்கித் திருத்திக்கொண்டவன் நான். எனக்குக் கண்ணாடி ஒரு தடையே இல்லை.

மூலையில் ஒன்று கிடந்தது. அழுக்கு ஓடு, முதுகில் பாசி, கொடுக்கில் பற்கள் மழுங்கித் தேய்ந்திருந்தன. ஓடு மாற்றி நெடுநாளான நண்டு. அதைக் காட்டினேன்.

"இன்னா மாமா, ரிட்டயர் ஆன நண்டா?" என்றான்.

இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கி, சுழலும் கண்ணாடி மேஜையில் இரண்டு தட்டுகளும் வந்தன. அவன் முதலில் தன் நண்டின் கொடுக்கை உடைத்தான். தட்டில் தண்ணீர் ஓடியது. உள்ளே நூல் போல ஏதோ ஒட்டியிருந்தது. நான் என் நண்டின் கொடுக்கை உடைத்தேன். ஓடு விலகியதும், அதே கொடுக்கின் வடிவத்தில் வெள்ளையாகச் சதை முழுதாக எழுந்து நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். தாலி கட்டிய அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

மச்சினன் மேஜையை மெல்லச் சுழற்றினான். என் தட்டு அவன் முன்னால் போய் நின்றது. ஒரு கால் எடுத்துக் கடித்து, வெகுநேரம் மென்றான்.

அப்போது அவன் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் மனைவி.

"சாப்ட்டுகினு கீறோம். ஆமா, தண்ணி நண்..." அவன் நிறுத்தினான். என் தட்டைப் பார்த்தான், தன் தட்டையும் பார்த்தான்.

"மாமாதான்" என்றான். "எந்த மாமாவா? நம்ம மாமாதான்."

தேய்ந்த பல்லுள்ள அந்தக் கொடுக்கின் ஓடு ஒன்றை டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் கார் நாறியது. மனைவி ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டாள்.