அரிசி வாங்க வந்தவர்

சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் நிற்கிறேன். அலோர் ஸ்டாரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து பெயர்ப்பலகையில் ஜப்பானிய எழுத்து. தெற்கிலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்து, என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. ஒரு பெட்டியின் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. மாடுகள் என்று நினைத்துப் பார்த்தால் உள்ளே நம் ஆட்கள். உட்கார இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

கதவோரம் நிற்பவரின் தோளில் ஒரு வெறும் சாக்கு.

"அண்ணே, இது எந்த ஊரு?"

"சுங்கை பட்டாணி. நீங்க எங்க போறீங்க?"

"தெரியலண்ணே. தோட்டத்து ஆபீசுல அரிசி குடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. சாக்கோட வந்தேன், அப்படியே லோரியில ஏத்திட்டாங்க. செர்டாங், ஆத்தோரத் தோட்டம். கோயில் பக்கத்து லயத்து வீட்டுல, எம் பொண்டாட்டி முனியம்மான்னு கேட்டா சொல்லுவாங்க. உலை வெச்சிட்டுக் காத்திருப்பா."

ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் வந்து கதவை இழுத்துச் சாத்துகிறான். வண்டி வடக்கே நகர்கிறது.

பக்கத்தில் பச்சைக் கொடியைச் சுருட்டும் ஸ்டேஷன் ஊழியரும் தமிழர்தான். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவரிடம் கேட்கிறேன்.

"சயாமுக்கு. அங்க ரயில் பாதை போடுறாங்க."

"எப்ப திரும்புவாங்க?"

அவர் சிப்பாயைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "பெட்டிங்க திரும்பி வருதுலா தம்பி. கழுவுறது நாங்கதான். ஆளுங்க யாரும் இதுவரைக்கும் எறங்கல."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். அலோர் ஸ்டார் வண்டி வருகிறது. நான் ஏறவில்லை. கவுண்டருக்குப் போய், தெற்கே செர்டாங் பக்கம் போகும் வண்டிக்கு டிக்கெட் கேட்கிறேன். முனியம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.