பக்கத்து சீட் பிரேக்

தட்டில் கை இருக்கும்போதே, மேசைக்கு அடியில் பிரேக் அக்காவின் கால் தரையை ஓங்கி அழுத்தும். எதிரே அவள் வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை மேசை விளிம்பில் வைத்திருப்பார், அவ்வளவுதான் விஷயம். டீவியில் யாராவது வேகமாக மாடிப்படி இறங்கினாலும் அழுத்துவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொடுக்கும் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அது அவள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறது. பேர் வைத்தது மாணவர்கள்தான். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

அவளிடம் தேறுவது லேசில்லை. "அந்தக் கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை வாரிக்கவா?" என்பாள். "கிளட்ச் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்பாள். வாய்விட்டு யாரையும் பாராட்டியதாகச் சரித்திரம் கிடையாது. ஒருத்தர் தேறிவிட்டார் என்று மனசு ஒப்பினால் மட்டும் ஒரு காரியம் செய்வாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்குப் பெரிய மனுஷர்களே கண் கலங்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரரும் அவளிடம்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார். கடைசி வரைக்கும் அவள் கால் மடங்கவே இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைநாட்டில் பூமி குலுங்கி ஊர் ஊராக இடிந்தபோது, உதவி செய்ய முதலில் கிளம்பியவர் அந்த வீட்டுக்காரர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுகிற வேலை. பொறுமைசாலி, இளகிய மனசு. தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய துணி திரட்டி, கூடத்தில் நடக்க இடமில்லாமல் அடுக்கிவிட்டார். ஜோடி தொலைந்த கையுறை, ஜிப் போன மழைக்கோட்டு, யாரோ மேடையில் போட்டு ஆடிய ஜிகினாச் சட்டை. வேலை முடிந்து வந்த பிரேக் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, வீடு இடிஞ்சு வெளியில நிக்கிறவங்க இந்த ஜிகினாவைப் போட்டுக்கிட்டு எங்க போவாங்க?"

"நம்மகிட்ட இருக்கிறதைக் குடுக்கிறோம்மா."

"இதை ஏத்துற இடத்துல கூடாரம் ஏத்தலாம், மருந்து ஏத்தலாம். குடுக்கணும்னா பணமா குடுங்க. என்ன வாங்கணும்னு அங்க வேலை செய்யறவங்களுக்குத் தெரியும்."

மூட்டைகள் பழைய துணிக் கடைக்குப் போய்க் காசாகி, நிவாரண அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தன. ஜிகினாச் சட்டையை அந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் செய்கிற உதவி வேறு மாதிரி. அந்த மலை ஊர்களுக்குச் சரியான மேப் கிடையாது. செயற்கைக்கோள் எடுத்த படங்களை நிவாரண அமைப்பு இணையத்தில் போட்டுவைக்கும். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே பார்த்து, கூரைகளையும் ரோடுகளையும் கோடு இழுத்துக் குறிக்கலாம். அதை நம்பித்தான் அங்கே லாரி போகும். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கிற வேலையை இவளிடம் கொடுத்திருந்தார்கள். பொருத்தமான ஆளாகப் பார்த்துத்தான் பிடித்தார்கள். வரைகிறவர்கள் ஒரே கட்டத்துக்குள் ஐந்து வீட்டை அடைத்திருப்பார்கள். மர நிழலைக் குளம் என்பார்கள். "இவன் பாறைக்குக் கூரை போட்டிருக்கான் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். கால் அது பாட்டுக்குத் தரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்து செய்தி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர், போய்ச்சேர வழி தெரியவில்லை. காலையில் ஆட்கள் கிளம்புகிறார்கள், சாயங்காலத்துக்குள் வழி வேண்டும். அந்த ஊரின் கூரைகளை அவளே வரைந்திருந்தாள். படம் பூமி குலுங்குவதற்கு முந்தி எடுத்தது. ஒரு மொட்டைமாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கொடியிலிருந்து எடுக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ என்று அந்த மாடியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். வழியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், முகம் கழுவிவிட்டு வரலாம் என்று எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால், ஆற்றுக்குக் குறுக்கே அம்சமாக ஒரு ரோடு.

கால் தரையில் போய் இடித்தது. "ஏங்க, இந்த ரோட்டை யாருங்க போட்டது?"

"நான்தாம்மா. பாவம், அந்த ஊருக்கு வழியே இல்லாம இருந்துச்சு."

"அதனால நீங்களே போட்டுட்டீங்க."

"எப்படியும் ஒரு வழி இருக்கும் இல்ல?"

"பாலம் எங்கங்க? லாரி தண்ணியில இறங்கிப் போகுமா? உங்க இரக்கத்தை நம்பி நாலு பேர் ஆத்தங்கரையில வந்து முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? அதுக்குள்ள அங்க யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. படக்கென்று கோட்டை அழித்தாள்.

அவர் உள்ளே போய்ப் பையைத் துழாவி, பிரேமின் குட்டித் திருகாணியைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"அது எதுக்குங்க, இதுலயே பெரிசு பண்ணலாமே" என்று பல்லைக் கடித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகுதான் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாரு, தண்ணி மேல ஒரு நிழல் விழுது. நிழல் விழுதுன்னா மேல என்னமோ இருக்கு."

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு குறுகுகிற இடத்தில் நூல் பிசிறு போல ஒரு நடைபாலம். இரண்டு கரையிலும் புல் தேய்ந்த ஒற்றையடித் தடம். ஒன்று ஊருக்கு ஏறியது. இன்னொன்று பாறையைச் சுற்றி இறங்கி, லாரி போகிற ரோட்டில் வந்து சேர்ந்தது.

"இதுல லாரி போகாது" என்றார், இந்தத் தடவை அவரே.

"போகாது. தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கணும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புவாங்க. படம் பழசு, பாலம் இப்ப நிக்குதோ என்னவோ. அதையும் எழுதணும்." மவுஸை எடுக்கக் கை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, அதை அவர் பக்கமே தள்ளினாள். "கண்டுபிடிச்சவரே போடுங்க."

அவர் ரோட்டிலிருந்து ஆரம்பித்தார். தடம் வளைகிற இடத்திலெல்லாம் நின்று, ஒரு புள்ளி வைத்து, அடுத்ததற்குப் போனார். பாறை வந்தது. நேராக இழுத்துவிடுவாரோ என்று அவள் கால் தரையைத் தேடியது. அவர் சுற்றித்தான் போனார். பாலத்தில் நிறுத்தி, 'பழைய படம், பாலம் இப்போது நிற்கிறதா தெரியாது' என்று ஒற்றை விரலால் தட்டினார். பிறகு ஆற்றைத் தாண்டி, துணி காய்கிற அந்த மாடியைப் பார்த்து ஏற ஆரம்பித்தார்.

பிரேக் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நாற்காலியின் மேல் மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.